ஆறு ஆட்டம், ஒரு கைப்பிடி

ஹேசல் கொட்டை கொள்முதல் கிடங்கில்
எடை போடுவது என் வேலை.
மூட்டையின் வயிற்றில் குத்துக்கம்பி விட்டு
ஒரு கைப்பிடி எடுத்து, உடைத்து,
ஓடு நீக்கிப் பருப்பை மட்டும் நிறுத்து
விலை சொல்வேன்.
திங்கள் முதல் சனி வரை ஊர் என்னைத் திட்டும்.
ஞாயிற்றுக்கிழமை என் முறை.

கருங்கடலோரம் எங்கள் மைதானம்.
கோல் கம்பத்துக்குப் பின்னால் மலை,
மலைக்குப் பின்னால் மழை,
மழைக்கு முன்னால் நாங்கள்:
மினிபஸ் ஓட்டும் பஹாத்தின்,
பல் மருத்துவரிடம் சீட்டு எழுதும் நெர்மின், நான்.
ஏழாம் வரிசை. சூரியகாந்தி விதை.
காலடியில் அதன் தொலி.

புதுக் கோச் வெதாத் இஸ்மீர்க்காரர்.
குடை பிடித்துக்கொண்டு ஆட்டம் பார்க்கிறார்.
முதல் நாளே பஹாத்தின் தீர்ப்பு எழுதிவிட்டான்:
"நனையாதவனுக்கு இங்கே என்ன தெரியும்?"

அடுத்தது கோல்கீப்பர் தய்லான்.
பதினோரு வருஷம் பந்தை மேகத்துக்கு அனுப்பியவன்
இப்போது பக்கத்தில் நிற்பவனுக்குத் தருகிறான்,
சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவை நகர்த்துவது போல.
பின்னால் மூன்றே பேர்.
எங்கள் பாட்டுகளில் பாதிக்குப் பெயர் கொடுத்த குர்ஷாத்
பெஞ்சில், முழங்காலில் போர்வையோடு.

கணக்கு இது:
இரண்டு வெற்றி, மூன்று டிரா,
வெளியூரில் ஒரு தோல்வி.
அன்று உப்பு டப்பா எதிராளியின் தட்டில் போய் விழுந்தது.
திரும்பி வந்த நாலு மணி நேரமும்
மினிபஸ்ஸில் வைப்பர் மட்டும் பேசியது.

ஆறு ஆட்டம், ஒன்பது புள்ளி.
போன கோச்சுக்கு இதே ஆறில் பத்து.
ஜனவரியில் அவரை விரட்டியதும் நாங்கள்தான்.
"ஒரு புள்ளி கம்மி," என்றான் பஹாத்தின், சில்லறை எண்ணுகிறவன் போல.
"அந்தப் பத்தில் நாலு, நடுவர் போட்ட பிச்சை," என்றாள் நெர்மின்.
நான் எதுவும் சொல்லவில்லை என்று எழுத ஆசை.
சொன்னேன்:
"குடையோடு மூட்டை கட்டச் சொல்லு."

அந்த ஆறாவது ஆட்டம்.
எண்பத்தொன்றாம் நிமிடம், இரு பக்கமும் கோல் இல்லை.
பந்து தய்லானிடம் பின்னோக்கி வருகிறது.
எதிரணி ஸ்ட்ரைக்கர் பாய்கிறான்.
மைதானமே ஒற்றைத் தொண்டையாக: "அடி!"
தய்லான் அடிக்கவில்லை.
காலடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்.
அவன் வருகிறான், இன்னும் வருகிறான்,
நெர்மின் என் முழங்கையைப் பிய்க்கிறாள்,
ஒரு தட்டு. இடப்பக்கம்.
அங்கிருந்து நடுவே, நடுவிலிருந்து திரும்பி,
மடை திறந்த தண்ணீர் பள்ளம் தேடுகிற மாதிரி
ஒன்பது பாஸ், எதிராளி ஒருவனும் தொடவில்லை,
வலது ஓரத்தில் பொடியன் அய்பெர்க் குறுக்கே அனுப்புகிறான்,
சரியான உயரம், சரியான இடம்,
அங்கே ஆள் இல்லை.

பந்து வெளியே போய்
விளம்பரப் பலகையில் மோதியது. அது ஒரு மெத்தைக் கடை.

யாரும் மூச்சு விடவில்லை.
அப்புறம் நெர்மின் கைதட்டினாள். இரண்டே தட்டு.
"எதுக்கு?"
"தெரியல. கை தானாப் போச்சு."
"குர்ஷாத் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்த பஹாத்தின்
பெஞ்சைப் பார்த்து நிறுத்தினான்.
குர்ஷாத் எழுந்து நின்றிருந்தான். போர்வை சேற்றில்.
ஆள் இல்லாத அந்த இடத்தை விரலால் காட்டி
கோச்சிடம் ஏதோ கத்திக்கொண்டிருந்தான்.
கோச் குடையை அவன் கையில் கொடுத்துவிட்டு
நோட்டில் எழுதினார்,
நனைந்துகொண்டு.

திங்கட்கிழமை, முதல் மூட்டையை இறக்கியவர் கேட்டார்:
"கோச் எப்படி?"
ஒரு கைப்பிடி எடுத்து உடைத்தேன்.
"ஈரம் காயல. ஈரத்தில் நிறுத்தால் என் தராசும் பொய் சொல்லும்.
இன்னும் ஒரு வாரம் வெயிலில் போடுங்க."
"கொட்டையையா, கோச்சையா?
இந்த ஊரில் வெயிலுக்கு எங்கய்யா போறது?"
திட்டிக்கொண்டே மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

உடைத்ததில் ஒன்றை வாயில் போட்டு மென்றேன்.
கசக்கவில்லை.